பேர் சொல்லாத விண்ணப்பம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் மேட்ரனுக்கு இரண்டு பேர். ஆசிரியர்கள் வாயில் மேட்ரன். பிள்ளைகள் வாயில், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில், ஸ்தோத்திர அக்கா. குழாயில் தண்ணீர் வந்தால் ஸ்தோத்திரம். வராவிட்டாலும், வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே ஒரு ஸ்தோத்திரம். சனிக்கிழமை வரிசையாக உட்கார வைத்துப் பேன் சீவும்போது கொத்தாக நாலு விழுந்தால் அதற்கும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பாள்.

"பேனுக்குமா அக்கா ஸ்தோத்திரம்?" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"தலையை விட்டு வந்துச்சே, அதுக்குடி. ஆடாம உக்காரு."

பள்ளிக்கூடம் சின்னது. பஸ்ஸை விட்டு இறங்கி, வயல்களுக்கு நடுவே மண்ரோட்டில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். வகுப்பறைகள் ஒரே வரிசை, அதன் முனையில் சிறிய ஜெப ஆலயம், பின்னால் பெண் பிள்ளைகள் தங்கும் நீளமான ஹால், அதை ஒட்டினாற்போல் சமையல்கட்டு. பாதிப் பிள்ளைகள் காலையில் வேனிலும் சைக்கிளிலும் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் ஹாஸ்டல். வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் ஹாஸ்டல் பிள்ளைகளை 'மணியடிச்சா சோறு' என்று கேலி செய்வார்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கு 'அம்மா ஊட்டி' என்று பேர் வைத்திருந்தார்கள். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு வந்த பிள்ளை சில நாள் கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொள்ளும். அப்போது மேட்ரன் பக்கத்தில் போய் எதுவும் கேட்க மாட்டாள். போர்வையை மடித்துத் தரச் சொல்லி ஒரு வேலை கொடுப்பாள். அழுகைக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான்.

அவளே அந்த மருந்தில் பிழைத்தவள்தான். கொத்தனாரைக் கட்டிக்கொண்டாள். சாரம் சரிந்து அவர் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் அடுப்பு மூட்ட ஆள் இல்லை, மூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று சபையில் யாரோ சொல்ல, இங்கே வந்தாள். அப்போதிருந்த மேட்ரன் கல்யாணமாகிப் போனதும், "வேற ஆள் வர்ற வரைக்கும் பிள்ளைங்களைப் பாத்துக்கோம்மா" என்றார்கள். வேறு ஆள் வரவேயில்லை. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றவள். வேதப் புத்தகத்தில் விரலை வைத்து எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். சொந்தப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லி யாராவது உச்சுக்கொட்டினால், "எனக்கா பிள்ளை இல்ல? வந்து துவைச்சுப் பாருங்க தெரியும்" என்று கொடியில் தொங்கும் பாவாடைகளைக் காட்டுவாள்.

அந்தக் கொடியால்தான் ஏணி அவளோடு ஒட்டிக்கொண்டாள்.

ஏணி என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பட்டப்பேர். வயதை மீறிய உயரம். மழை வருகிறது என்றால் எல்லாரும் ஸ்டூலைத் தேடி ஓடுவார்கள். ஏணி நின்றபடியே கையை நீட்டி மொத்தத் துணியையும் வாரிக்கொண்டு வந்துவிடுவாள். மரக்கடைக்காரர் ஒருவரின் மகள். பள்ளிக்கூடத்து பெஞ்சுகளில் பாதி அவர் கடையில் இருந்து வந்தவை. பிள்ளையைச் சேர்க்க வந்த அன்று பெரிய டீச்சர், "அம்மா வரலையா?" என்று கேட்டார்.

"அம்மா இல்ல," என்றார் அவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

நம் பேச்சில் 'இல்லை' என்பதற்கு ஒரே அர்த்தமா இருக்கிறது? கடையில் சர்க்கரை இல்லை என்கிறோம், அப்பா வீட்டில் இல்லை என்கிறோம், தாத்தா இப்போது இல்லை என்கிறோம். பெரிய டீச்சர் கடைசி அர்த்தத்தை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடமே எடுத்துக்கொண்டது. தாயில்லாப் பிள்ளை என்று ஏணிக்குக் கஞ்சியில் ஒரு கரண்டி அதிகம் விழுந்தது. அவளும் மறுத்துச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், வீட்டார் வந்து பார்க்கும் நேரம். மரக்கடைக்காரர் அடிக்கடி வருகிறவர் இல்லை. அன்றெல்லாம் ஏணி துணி மடித்துக்கொண்டு ஹாலிலேயே இருந்துவிடுவாள். ஒரு முறை கேட்டில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் துணிப்பை, வெளுத்துப்போன உடுப்பு. சோப்பு நீரில் ஊறி ஊறிச் சுருங்கின விரல்கள். அந்த விரல்களைப் பார்த்ததுமே மேட்ரனுக்குத் தெரிந்துவிட்டது, இவள் நம் ஜாதி, துவைக்கிற ஜாதி என்று.

"நான் அந்தப் பிள்ளைக்குச் சித்தி முறை," என்றாள் வந்தவள், ஏணியின் வகுப்பைச் சொல்லி.

சித்தி நல்ல உயரம். கேட்டின் மேல் கம்பிக்கு மேலே தலை தெரிந்தது. மேட்ரன் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டாள். ஏணியைக் கூப்பிட்டதும் அவள் மடித்துக்கொண்டிருந்த துணி கீழே விழுந்தது. ஓடினாள். மரத்தடிக்குப் போனதும் இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவள் ஏணியின் கையை எடுத்து நகம் வெட்ட ஆரம்பித்தாள். வளர்ந்த பிள்ளையின் நகத்தை எந்தச் சித்தி வெட்டுவாள்?

போகும்போது கேட்டில் மேட்ரன் மெதுவாகக் கேட்டாள். "நீ அம்மாதானே?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "சொல்லிடுவீங்களா அக்கா?"

"நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்."

அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்தவள் அவள். டவுனில் ஒரு சலவைக் கடையில் வேலை. 'பிள்ளை கண்ணிலேயே பட்டுடாதே, பட்டேன்னு தெரிஞ்சா அவளை எங்க கொண்டு போய் வைப்பேன்னு உனக்கே தெரியாது' என்று மரக்கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். சொன்னால் செய்கிறவர். அதனால்தான் சித்தி.

அதன் பிறகு ஒவ்வொரு முதல் ஞாயிறும் சித்தி வந்தாள். ஏணியிடம் ஒரு மாற்றம் வந்தது. துணி மடிக்கும்போது பாட ஆரம்பித்தாள். சமையல்கார அண்ணன்கூடச் சொன்னார்: "அக்கா, உங்க ஏணி இப்பல்லாம் சிரிக்குது. மேல இருந்து யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கு, பயமா இருக்கு."

"கண்ணு வைக்காதய்யா," என்றாள் மேட்ரன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆசிரியர்கள், வேலைக்காரர்கள் எல்லாரும் ஆலயத்தில் கூடி ஜெபிப்பது வழக்கம். முதலில் விண்ணப்பங்கள். ஒவ்வொருவராக எழுந்து எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்வார்கள். டீச்சர்களின் விண்ணப்பங்கள் பெரியவை. தேசங்களுக்காக, ஊழியங்களுக்காக, யுத்தம் நடக்கிற இடங்களுக்காக. மேட்ரன் எழுந்தால், மோட்டார் ரிப்பேர், மூன்றாம் கட்டில் பிள்ளைக்கு இருமல். எல்லாரும் 'ஆமென்' என்பார்கள், ஆனால் இருமலுக்குச் சொல்கிற ஆமென் கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கும். அவளுக்கு அது தெரியும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அப்படித்தான் அவளே நினைத்திருந்தாள்.

வீட்டுச் சங்கதி ஏதாவது இருந்தால் பேர் சொல்ல மாட்டார்கள். 'பேர் சொல்லாத ஒரு விண்ணப்பம்' என்பார்கள். 'ஒரு சகோதரருக்குக் குடிப்பழக்கம், பேர் வேண்டாம்.' பேர் சொல்லாவிட்டால் அது ஆண்டவருக்கும் நமக்கும் மட்டும் என்று ஒரு நம்பிக்கை.

அந்த வெள்ளிக்கிழமை மேட்ரனின் மனசு நிறைந்திருந்தது. போன ஞாயிறு ஏணியின் அம்மா, "அவர் மனசு மாறினா நான் திரும்பிப் போயிடுவேன் அக்கா, பிள்ளைக்காக," என்று சொல்லியிருந்தாள். இதற்கு ஜெபிக்காமல் வேறு எதற்கு ஜெபிப்பது? மேட்ரன் எழுந்தாள்.

"பேர் சொல்லாத ஒரு விண்ணப்பம். ஒரு தாயும் தகப்பனும் பிரிஞ்சிருக்காங்க. அந்தத் தாய் தன் சொந்தப் பிள்ளையை, யாரோ மாதிரி, உறவை மாத்திச் சொல்லி வந்து பாத்துட்டுப் போகுது. ஒரு மணி நேரம். அந்தப் பிள்ளை வாய்விட்டு அம்மான்னு கூப்பிட முடியல. அந்தத் தகப்பன் மனசு இளகணும். ஜெபிச்சுக்கோங்க."

ஆமென் வந்தது. பெரிய ஆமென். கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய டீச்சர் திரும்பி, முதல் முறையாகப் பார்ப்பதுபோல் மேட்ரனைப் பார்த்தார். ஹாலுக்குத் திரும்பி நடக்கும்போது மேட்ரனுக்கு உடம்பே லேசாக இருந்தது. ஆண்டவர் கேட்டிருப்பார் என்று நம்பினாள். மற்றவர்களும் கேட்டார்களே என்பது அப்போது அவளுக்கு ஒரு சந்தோஷமாகவே இருந்தது.

பிறகு நடந்ததை யார் மேல் பழி போட்டுச் சொல்வது? ஒருவரும் புறணி பேசவில்லை. எல்லாரும் ஜெபித்தார்கள். தையல் டீச்சர் தன் சபையின் உபவாசக் கூட்டத்தில் இதை விண்ணப்பமாக வைத்தார். பேர் சொல்லவில்லை. 'எங்க ஹாஸ்டல்ல ஒரு பிள்ளை' என்று மட்டும் சொன்னார். அங்கே இருந்த ஒரு அம்மா தன் வீட்டு ஜெபக் குழுவுக்குக் கொண்டு போனார். அவரும் பேர் சொல்லவில்லை. தகப்பனுக்கு வியாபாரம், வசதிக்குக் குறைவில்லை, சமாதானம்தான் இல்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார், ஜெபத்துக்குப் பாரம் வேண்டுமே என்று. ஜெபம் கை மாறிக் கை மாறி, மரக்கடைக்காரரின் அக்கா முழங்கால் போட்டிருந்த ஒரு கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த அம்மாளும் மனமுருகி ஆமென் சொன்னாளாம். எழுந்து பாயைச் சுருட்டும்போதுதான் உறைத்திருக்கிறது. நேரே தம்பி கடைக்குப் போனாள்.

அடுத்த முதல் ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை, மேட்ரன் ஊறவைத்த போர்வைகளைக் கும்மிக்கொண்டிருந்தபோது ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். ஈரக்கையோடு போனாள். மரக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை. அவர் கொடுத்த பெஞ்சுதான் பின்னால் கிடந்தது.

"என் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். பெட்டியைக் கட்டுங்க."

"அய்யா, பரீட்சை வருது," என்றார் பெரிய டீச்சர்.

"பரீட்சை எல்லா ஊர்லயும் வரும் டீச்சர்." அவர் மேட்ரன் பக்கம் திரும்பினார். கோபத்தைவிட அவமானம்தான் அந்த முகத்தில் அதிகம். "எங்கக்கா வந்து சொல்றா, 'உனக்காக ஜெபிச்சோம்டா'ன்னு. கடையில ஆள் இருக்கும்போது. மரம் வாங்க வந்தவன் பாவமா பாக்குறான். என் குடும்பத்தை இப்படிச் சந்தி சிரிக்க வைக்கிறதுக்கா உங்ககிட்ட பிள்ளையை விட்டேன்?"

"பேர் சொல்லலைங்கய்யா," என்றாள் மேட்ரன். அவளுக்கு வந்தது அந்த ஒரு பேச்சுதான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு ஒன்றுக்கும் உதவாத பேச்சு என்று தெரிந்தது.

"ஆமாம்மா. பேரைத் தவிர எல்லாம் சொல்லிட்டீங்க."

"பிள்ளையை ஒண்ணும் பண்ணிடாதீங்கய்யா. தப்பு எம்மேல. அவளுக்கு இங்க நல்லாருக்கு. இனி யாரையும் கேட்டுக்குள்ள விடமாட்டேன், வேணும்னா என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க..."

"நீங்க இருந்தா என்ன, போனா என்ன?" என்றார் அவர். திட்டுவதுபோல் இல்லை. நிஜமாகவே அவருக்கு அது ஒரு பொருட்டில்லை.

"எந்த ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்க?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

"அதை இனிமே யாருக்கும் சொல்றதா இல்ல. சொன்னா அதுக்கும் ஜெபம் வெச்சிடுவீங்க."

அவர் வெளியே போய் வண்டிப் பக்கம் நின்றார். மேட்ரன் பெரிய டீச்சரின் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், ஏதாவது பண்ணுங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பாரு."

"பெத்தவர் வந்து கேக்கும்போது நாம எப்படித் தடுக்கிறது, மேட்ரன்?" பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ஜெபம் கேட்டது தப்பில்ல. ஆனா கேட்டிருக்கக் கூடாது."

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மேட்ரனுக்குப் புரியவில்லை.

ஹாலில் ஏணி டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். அழவில்லை. மற்ற பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். மேட்ரன் அவளுடைய உடுப்புகளைக் கொடியில் இருந்து எடுத்து வந்தாள். ஒன்று இன்னும் காயவில்லை. அதை ஒரு தாளில் சுற்றி வைத்தாள்.

"யாருக்கா அப்பாகிட்ட சொன்னது?"

பெட்டியின் கொக்கி சரியாக விழவில்லை. மேட்ரன் அதை அழுத்தினாள். திரும்ப அழுத்தினாள். கயிறு தேடினாள். கயிற்றைப் பெட்டிக்குக் குறுக்கே போட்டு இழுத்துக் கட்டினாள். கேட்ட கேள்வி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஏணி அதைத் திரும்பக் கேட்கவில்லை.

"அக்கா, ஞாயித்துக்கிழமை அம்மா வருவாங்க. அவங்களுக்குத் தெரியாது. வெயில்ல நிக்க வெச்சிடாதீங்க."

"போன் போட்டுச் சொல்லிடுறேன்டி."

"கடை போன். கொடுக்க மாட்டாங்க." ஏணி பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள். வாசலில் நிலை இடிக்காமல் இருக்க, வழக்கம்போலத் தலையைக் குனிந்தாள். வண்டி மண்ரோட்டில் போய், தூசி அடங்கியும் மேட்ரன் அங்கேயே நின்றாள். ஊறின போர்வைகளைச் சமையல்கார அண்ணன் பிழிந்து போட்டார். அன்றைக்கு அவர் ஒரு கேலியும் பேசவில்லை.

போன் போட்டாள். சலவைக் கடை முதலாளி, "வேலை நேரத்துல எங்க ஆளுங்களைக் கூப்பிடாதீங்கம்மா" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டால் எடுக்கவே இல்லை. ஏணியின் அப்பா எண்ணுக்குப் பெரிய டீச்சர் போட்டுப் பார்த்தார். அதுவும் அப்படியே. மேட்ரன் ஜெபிக்க முழங்கால் போட்டாள். வாயைத் திறந்தால், இதையும் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இருந்தது. தனி அறைதான். கதவும் சாத்தித்தான் இருந்தது. என்றாலும் ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. சும்மா முழங்காலில் இருந்துவிட்டு எழுந்தாள்.

ஞாயிறு வந்தது. ஆராதனை முடிகிற முன்பே மேட்ரன் கேட்டுக்குப் போய்விட்டாள். தாய் தகப்பன்மார் வந்தார்கள், பிள்ளைகள் ஓடினார்கள், மரத்தடியில் பொட்டலங்கள் பிரிந்தன. மண்ரோட்டில் அந்த உயரமான உருவம் தெரிந்தது. வேகமாக வந்தாள். கையில் புதுச் செருப்பு, பையில் கூடப் போடாமல்.

"அக்கா, பாருங்க. கால் வளந்துடுச்சுன்னு சொன்னாளே. என் காலுக்குப் போட்டுப் பாத்துதான் வாங்கினேன், எனக்குச் சரியா இருந்தா அவளுக்கும் சரியா இருக்கும்." அவள் மேட்ரனைத் தாண்டி மரத்தடியைப் பார்த்தாள். "எங்க, துணி மடிச்சிட்டு இருக்காளா?"

"உள்ள வாம்மா. நிழல்ல உக்காரு."

"ஏன்? காய்ச்சலா?"

"இல்லம்மா. அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. புதன்கிழமை."

அவள் நின்றபடியே இருந்தாள். "எங்க?"

"சொல்லல."

"எந்த ஊரு? எந்த ஸ்கூலு?"

"சொல்லலம்மா. எவ்வளவோ கேட்டோம்."

அவள் செருப்பைப் பார்த்தாள். பிறகு, "யாரு சொன்னது அவர்கிட்ட?" என்றாள். மகள் கேட்ட அதே கேள்வி. இங்கே பிடித்து அழுத்துவதற்குக் கொக்கி ஒன்றும் இல்லை.

"நான்தான்மா."

"நீங்களா? அவர்கிட்டயா சொன்னீங்க?"

"இல்ல. ஆண்டவர்கிட்டதான் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜெபத்துல, எல்லார் முன்னாலயும். நீ வீட்டுக்குத் திரும்பணும்னு. பேர் சொல்லல..."

"ஆண்டவர்கிட்ட சொல்றதுக்கு எதுக்கு அக்கா அவ்வளவு பேரு? அவருக்குக் காது கேக்காதா?"

குரல் உயரவில்லை. ஏசியிருந்தால் மேட்ரன் வாங்கிக்கொண்டிருப்பாள். காலில் விழலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. விழுந்தால் சுற்றிலும் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், என்ன ஏது என்று கேட்பார்கள், இன்னும் நாலு பேருக்குத் தெரியும். அதனால் அதையும் செய்ய முடியாமல் நின்றாள்.

"அவ படுத்த கட்டிலைப் பாக்கலாமா?"

வெளியாட்கள் ஹாலுக்குள் வரக் கூடாது என்பது சட்டம். மேட்ரன் கூட்டிக்கொண்டு போனாள். ஜன்னல் ஓரக் கட்டில் அது. அதில் இப்போது ஒரு குட்டிப் பிள்ளையின் தலையணையும் துணி பொம்மையும் இருந்தன. வெள்ளிக்கிழமையே வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். விரிப்பும் மாற்றியாகிவிட்டது, மேட்ரனே துவைத்துப் போட்டது. மகளுடையது என்று சொல்ல அங்கே ஒரு நூல் இல்லை. அந்த அம்மா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தாள். "கால் நீட்ட முடியுமா இதுல அவளுக்கு?" என்று கேட்டாள்.

"குறுக்கிக்கிட்டுத்தான் படுப்பா."

"வீட்லயும் அப்படித்தான்."

செருப்பை வைத்துக்கொள்ளச் சொல்வாளோ என்று மேட்ரன் பயந்தாள். சொல்லவில்லை. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். இருவரும் மண்ரோட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. மேட்ரன் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். ஏணி பாடினதை, சிரித்ததை, வெயிலில் நிற்க வைக்காதீங்க என்று சொன்னதை. கடைசியில் அந்த வெயில் பேச்சை மட்டும்தான் சொன்னாள். அந்த அம்மா முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் அசைந்தது. மேட்ரன் கையை நீட்டினாள், பிறகு தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

பஸ் தூரத்தில் வருவது தெரிந்தபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அடுத்த மாசம் நான் வரலாமா அக்கா?"

"எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டு மேட்ரன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சும்மாதான். கூடப் படிச்ச பிள்ளைங்க யாருக்காவது அவ ஒரு வரி எழுதியிருந்தா. வேற எங்க போய்க் கேக்குறதுன்னு எனக்குத் தெரியல."

தன்னால் பிள்ளையை இழந்தவளே தன்னிடம் கேட்கிறாள். அவளுக்கும் வேறு வாசல் இல்லை. எழுதுவாளா, எழுத விடுவார்களா, அடுத்த மாதம் இவள் வந்து நின்றால் என்ன சொல்லி அனுப்புவது, மேட்ரனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வாம்மா," என்றாள். "வா."

பஸ் வந்து நின்றது. படி உயரம். அவள் ஏறுவதற்காகச் செருப்பை மேட்ரன் கையில் கொடுத்தாள். ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் கையை நீட்டினாள். மேட்ரன் ஜோடியைச் சரியாகச் சேர்த்துக் கொடுத்தாள்.